பல்லக்காவின் டப்பா கேமரா

கறுப்பு டேப்பை ஒரு சாண் இழுத்து, பல்லால் கடித்து, கேமராவின் முதுகில் ஒட்டுகிறாள் பல்லக்கா. இன்னொரு சாண். இன்னொரு கடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சமையலறை மேஜையில் இது நடக்கும். வாரத்தின் மற்ற ஆறு நாளும் யார் நூலைக் கடித்தாலும், பாட்டில் மூடியைக் கடித்தாலும் எரிந்து விழுகிறவள் இவள்தான். முன்பின் தெரியாத ஒரு அம்மாளை ஓடுகிற பஸ்ஸில் பிடித்து, "பல்லு என்ன கத்திரிக்கோலா?" என்று கேட்டிருக்கிறாள். ஞாயிறு காலையில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வயது நாற்பத்தாறு. தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வரிசை கட்டி, பல் பதித்து, ராவி, மெருகேற்றி அனுப்புகிற லேபில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். சொந்தப் பெயர் ஆவணங்களோடு சரி. லேபிலும் தெருவிலும் அவள் பல்லக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். ஆளை மறந்தாலும் மறப்பாள், பல்லை மறக்க மாட்டாள். "அதாங்க, மேல்வரிசை லேசா முன்னாடி வந்திருக்கும், கீழ ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், அந்த சார்" என்று அடையாளம் சொல்வாள். கேட்பவர்கள் அந்த சாரின் பல்லை ஒருநாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் வேலையில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். அரை மில்லி ஏறினால் வாய் மூடாது. அரை மில்லி இறங்கினால் மெல்ல முடியாது. ஒரு பல்செட் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டால் மூன்று நாளைக்கு அவள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கூடப்பிறந்த அண்ணனுக்கு இரண்டு தெரு தள்ளி போட்டோ ஸ்டூடியோ. ஆகக் குடும்பத்தில் எல்லோருக்கும் துல்லியம்தான் பிழைப்பு. இந்தக் குடும்பத்தில்தான் அந்த டப்பா வந்து நுழைந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கப் பொம்மைக் கடைக்குப் போனாள். தண்ணீர்த் துப்பாக்கிக்கும் விசிலுக்கும் நடுவில் தொங்கியது கேமரா. உடம்பு பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக், உள்ளே ஒரு ஸ்பிரிங். மேலே சூரியன் படம் ஒன்று, மேகம் படம் ஒன்று. வெயிலா மப்பா என்று பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் அறிவு. வாங்கி, காகிதம் சுற்றி, கொடுக்கும் முன் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று பிரித்தாள். அந்தக் குழந்தைக்குத் தண்ணீர்த் துப்பாக்கிதான் போய்ச் சேர்ந்தது.

முதல் ரோல் வந்தபோது வீட்டுக்காரர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து கண் பரிசோதிக்கிற அட்டையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, "கடைசி வரி படி, பாக்கலாம்" என்றார். அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே. படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது மரம், எது மாப்பிள்ளை?" என்று கேட்டார். பல்லக்கா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் சாய்ந்திருந்தது, ஓரமெல்லாம் கரைந்திருந்தது, ஒரு மூலையில் வெளிச்சம் புகுந்து வெள்ளையாக வழிந்திருந்தது. ஆனால் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. முப்பத்தொன்பது வயது வரை அப்படியொரு சுகம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. லென்ஸின் மேல் பழைய காலுறையை இழுத்துக் கட்டி எடுத்தாள். சீப்பின் பல்லிடுக்கு வழியாக எடுத்தாள். எடுத்த பிலிமை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தாள்; ஒருமுறை துணி துவைக்கும் தூளில் ஊறவைத்து, படத்திலிருந்த மூன்று தெருவைக் கொப்புளக் கூட்டமாக்கினாள். கேமராவைச் சைக்கிள் சக்கரத்தில் கட்டி உருட்டினாள். மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறக்கி, மூன்றாம் மாடிக்காரர் பல் தேய்ப்பதை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். "தேய்க்கற விதமே தப்பு. படத்தைப் பாருங்க, தெரியும்" என்று அவருக்கே ஒரு பிரதி கொடுத்தாள்.

கிறுக்கு தொற்றக்கூடியது. முதலில் விழுந்தவர் முடிதிருத்தும் கடைக்காரர்; கோஷ்டியில் அவர் பெயர் கத்திரி. அவர் கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையும், தலை அலசும் தொட்டியும் இருந்தன. பிலிம் கழுவ அதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்? அண்ணன் ஸ்டூடியோவில் கழித்துக் கட்டிய பழைய பிரிண்ட் எந்திரம் அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்து பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டும் டிரைவரம்மா வந்தார். பிறகு பள்ளிக்கூடத்துக் கணக்கு சார். அவர்களைத் தொட்டு இன்னும் ஐந்து பேர். பல்லக்காவோடு சேர்த்து ஒன்பது பேர், ஒன்பது பேரிடமும் பொம்மைக் கடை டப்பா. ஞாயிறு கோஷ்டி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

கோஷ்டிக்குப் பல்லக்கா போட்ட சட்டங்கள் உண்டு. எடுத்த படம் எதையும் கழிக்கக் கூடாது. கோணலோ, இருட்டோ, விரல் மறைத்ததோ, ரோலின் முப்பத்தாறு படமும் வரிசையாகச் சுவரில் ஏறவேண்டும். இரண்டாவது சட்டம், ரோல் மாற்று. ஒருவர் ஒரு ரோல் முழுவதும் எடுத்து முடித்து இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் அதில் என்ன இருக்கிறதென்று கேட்காமல், அதே ரோலில் முதலிலிருந்து மறுபடி எடுப்பார். இரண்டு பேர் பார்த்ததும் ஒரே படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். இதற்காகப் பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது கடைசி வரை சுற்றாமல், நுனி வெளியே நிற்கும்படி விடவேண்டும். பல்லக்கா கேமராவைக் காதில் வைத்துக்கொண்டு சுற்றுவாள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் நிறுத்துவாள். நுனி சரியாக ஒரு விரல் நீளம் நிற்கும்.

நுனி வெளியே நிற்பதால் எடுத்த ரோலும் எடுக்காத ரோலும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். அதனால் மூன்றாவது சட்டம்: எடுத்து முடித்ததும் நுனியை மடித்துவிட வேண்டும். மடிப்பு இருந்தால் எடுத்தது. இல்லாவிட்டால் புதுசு. யாராவது மடிக்க மறந்தால் அந்த ஆள் மூன்று ஞாயிறு எல்லோருடைய பையையும் சுமக்க வேண்டும். ஏழு வருஷத்தில் மறக்காத ஒரே ஆள் சட்டம் போட்டவள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் லேப் புத்தி அவளை விடவில்லை. ரோல் வாங்கியதுமே பிலிமின் முதல் கட்டத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்து, மாட்டும்போதெல்லாம் அந்தக் கோட்டைக் கேமராவுக்குள் இருக்கும் சக்கரத்தின் அதே பல்லில்தான் நிறுத்துவாள். படம் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். கட்டம் மட்டும் நகரக் கூடாது.

இன்னொன்று. ஏழு வருஷத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அவள் முகம் ஒன்றில்கூட இல்லை. யாராவது அவள் பக்கம் கேமராவைத் திருப்பினால், "பல்லு செய்யறவ பல்லைக் காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஐம்பது வயது, நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. ஊர்ப் புகைப்படக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். ஸ்டூடியோவில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் "கொஞ்சம் சிரிங்க" என்பார். சொல்லும்போது அவர் உதடு பிரியாது. முன்பல் ஒன்று இல்லை. அவருக்குப் பன்னிரண்டு வயது, இவளுக்கு எட்டு. துரத்திப் பிடிக்கிற விளையாட்டில் இவள் ஓடிவந்து கதவை அறைந்து சாத்த, பின்னாலேயே வந்த அண்ணன் முகம் கதவில் மோதியது. வீட்டில் கேட்டபோது "நானா விழுந்துட்டேன்" என்றார் அவர். இன்றுவரை அந்த வாக்குமூலத்தை மாற்றவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தும் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் பல்வலி என்று டாக்டரிடம் போனார். பல்லக்கா டாக்டரிடம் சொல்லிவைத்து அச்சு எடுக்க வைத்தாள். ஒற்றைப் பல் பதித்த ஒரு சின்னத் தட்டு. நிறம் பிடிக்கவே நான்கு நாள் ஆயிற்று. வழக்கத்துக்கு மாறாக ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, நல்லதை அண்ணனிடம் கொடுத்தாள், மற்றதைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அண்ணன் டப்பியைத் திறந்து பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு அவளும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

சண்டை வந்தது நூலகச் சுவரால். நூலகத்து வாசிப்புக் கூடத்தில் நீளமான வெள்ளைச் சுவர் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு மாதம் அதில் புகைப்படக் கண்காட்சி. எப்போதும் சங்கத்துக்குத்தான். ஒவ்வொரு இறகும் எண்ணக்கூடிய பறவைகள் ஒரு மாதம் அங்கே உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் நூலகர் அம்மா பதினாலாம் நம்பர் பஸ்ஸில் வந்தபோது டிரைவரம்மாவின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் பார்த்தார். கோஷ்டியையும் சங்கத்தையும் ஒரே நாளில் கூப்பிட்டு, இந்தத் தடவை நம்ம ஊரையே காட்டுகிற படங்கள் வேண்டும், யார் தருவீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் நூலகரைப் பார்த்துப் பேசினார், தங்கையைப் பார்க்கவில்லை. "அது பொம்மைங்க. விளையாடலாம், தப்பில்ல. ஒரு ரோல்ல நாலு படம் தேறினா பெரிசு."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. அவளை மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். பின்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒரே ரோல். முப்பத்தாறும் தேறும்" என்றாள். "தேறலேன்னா இந்த டப்பாவை உன் ஸ்டூடியோவுல வெச்சுட்டுப் போயிடறேன், அண்ணா. குழந்தைங்களுக்கு ஆட்டி வேடிக்கை காட்டு. அதுக்கப்புறம் நான் கேமராவைத் தொடல."

வாயை விட்டு மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். நூலகர் அம்மா வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வருகிற ஞாயிறு எடுங்கள், திங்கள் காலை பத்து மணிக்கு முப்பத்தாறும் என் மேஜையில் இருக்கட்டும், தேறினால் முழுச் சுவரும் உங்களுக்கு, இல்லாவிட்டால் சங்கத்துக்கு என்று தீர்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஒன்பது பேரும் ஒரே கேமராவோடு கிளம்பினார்கள். பல்லக்காவின் டப்பா. ரோல் போட்டுவைக்கும் தகர டின்னிலிருந்து மடிப்பில்லாத ரோல் ஒன்றை எடுத்து, கோட்டைச் சக்கரத்துப் பல்லில் நிறுத்தி மாட்டினாள். ஆளுக்கு நான்கு படம். பாலம், தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு நிலையத்துச் சிவப்புக் கதவு, நீதிமன்றப் படிக்கட்டு, பணிமனையில் வரிசையாக நின்ற பஸ்கள் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கடைசி நான்கும் அவளுடையவை. முப்பத்தாறாவது படத்துக்கு வரும்போது அண்ணனின் ஸ்டூடியோ வந்துவிட்டது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, வாசலில் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லக்கா சொல்லாமல் கொள்ளாமல் அமுக்கிவிட்டு நடந்தாள்.

மத்தியானம் கத்திரியின் பின்னறையில் பிலிமைக் கழுவி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். ஈரம் சொட்டுகிற நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார் கத்திரி. பாலத்தின் மேல் ஏதோ கறுப்பாக வளைந்து கிடக்கிறதே, மருந்து சரியாகக் கலக்கவில்லையோ என்றார். தொட்டி மேலும் அதே. பஸ் மேலும் அதே. பல்லக்கா கிட்டே வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"மருந்து இல்ல. அது மேல்வரிசை" என்றாள். "பதினாலு பல்லு. அடுத்தது கீழ்வரிசை. எல்லாம் நான் செஞ்சது."

இரண்டு வாரமாக லேபில் சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தாள். முடித்து அனுப்பவேண்டிய பல்செட்டுகளைக் கறுப்புத் துணியில் வைத்து, டப்பாவின் லென்ஸுக்கு முன்னால் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி, மேஜை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாக எடுத்தாள். முப்பத்தைந்து செட் ஆனதும் லேபில் சரக்குத் தீர்ந்தது. ஒரு கட்டம் மிச்சம். வீணாக்குவானேன் என்று மேஜை இழுப்பறையைத் துழாவி, அண்ணனுக்குச் செய்த ஜோடித் தட்டை எடுத்துவைத்து அமுக்கினாள். சுற்றி முடித்து, நுனியை மடிக்கப் போன நேரத்தில் டாக்டரின் ஆள் வந்து நின்றான். ஒரு வக்கீலின் பல்செட் உடைந்துவிட்டது, மறுநாள் அவர் கோர்ட்டில் பேசியாக வேண்டும். ரோல் அங்கியின் பைக்குள் போயிற்று. சாயங்காலம் பையிலிருந்து தகர டின்னுக்குப் போயிற்று.

இந்த ஊரில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. பல்லக்கா முடிவெட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. எட்டுப் பேரின் ஞாயிற்றுக்கிழமையை மடிக்காத ஒரு நுனி தின்றுவிட்டதே. எதிரே கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் டப்பாவை அண்ணன் கடையில் வைத்துவிடுகிறேன், நூலகருக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

கத்திரி பின்னறைக்குப் போய் முதல் பிரிண்டைப் போட்டார். மருந்துத் தட்டில் காகிதம் மெல்ல மெல்ல நிறம் பிடிக்க, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பஸ் பணிமனை. பதினாலாம் நம்பர் பஸ்ஸின் முகப்பில், கண்ணாடிக்குக் கீழே, விளக்கிலிருந்து விளக்கு வரைக்கும் பளபளவென்று ஒரு வரிசைப் பல்.

டிரைவரம்மா பிரிண்டைத் தட்டிலிருந்து தூக்கிப் பிடித்தார். "அக்கா," என்றார் பிறகு, "பதினோரு வருஷமா இந்த பஸ்ஸை ஓட்டறேன். இன்னிக்குத்தான் இது என்னைப் பாத்துச் சிரிக்குது."

கணக்கு சார் அளவுகோலை எடுத்தார். பிரிண்ட் பிரிண்டாக அளந்தார். ஒரு படத்தில்கூடப் பல் கட்டத்தை விட்டு நகரவில்லை. முப்பத்தாறு தடவையும் இரண்டாவது படம் முதல் படத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பென்சில் கோடும் சக்கரத்துப் பல்லும் செய்த வேலை. கறுப்புத் துணி பிலிமில் பதியாததால் ஊர் முழுசாக இருந்தது, நடுவில் பல் மட்டும் வெள்ளையாக மிதந்தது. பாலத்தின் வளைவுக்குள் மேல்வரிசை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ்வரிசை. நீதிமன்றப் படிக்கட்டு ஏதோ தீர்ப்பைக் கேட்டு ஈயென்று இளித்தது.

பல்லக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை. ஊரைக் காட்டச் சொன்னார்கள், இதைக் காட்டினால் கேலி என்று நினைப்பார்களே என்றாள். கொஞ்சத்தை மட்டும் கொண்டுபோகலாமா என்று இழுத்தாள்.

கத்திரி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எதையும் கழிக்கக் கூடாது. யாரு போட்ட சட்டம் அது?"

திங்கள் காலை பத்து மணி. நூலகர் அம்மாவின் மேஜையில் முப்பத்தாறும் அடுக்கி வைக்கப்பட்டன. எதிரே அண்ணன். இந்த நூலகர், தும்மினாலே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். முதல் படத்தை எடுத்தார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். ஐந்தாவதில் அவர் தோள் குலுங்கியது. எட்டாவதில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தீயணைப்பு நிலையத்துக் கதவு பெரிய வாயாகத் திறந்து நின்ற படத்தைப் பார்த்ததும், 'அமைதி' என்று தன் கையால் எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டு மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"இந்த ஊர்ல இருபது வருஷமா இருக்கேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது இவ்வளவு நல்ல ஊர்னு எனக்குத் தெரியாது." ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தைந்து, முப்பத்தாறு. கழிக்க ஒன்றும் இல்லை, சுவர் உங்களுடையது என்றார்.

முப்பத்தாறாவது படம் மேலாகக் கிடந்தது. ஸ்டூடியோ வாசல், கையைக் கட்டிய ஆள், இறுகிய உதடு. அவருக்குப் பக்கத்தில், கதவு உயரத்துக்கு, ஒற்றைப் பல். அண்ணன் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். பல்லக்கா ஜெயித்துவிட்டாள், ஆனால் அவர் போன விதம் அவளை உறுத்தியது.

சனிக்கிழமை கண்காட்சி திறந்தது. வரிசை வாசலைத் தாண்டி, படியிறங்கி, தெருமுனை வரை நின்றது. டிரைவரம்மா அன்றைக்குப் பதினாலாம் நம்பரில் வந்தவர்களையெல்லாம் நூலக நிறுத்தத்தில் கட்டாயமாக இறக்கிவிட்டார் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அவர் மறுக்கிறார். பறவைப் படம் எடுக்கும் சங்கத்துக்காரர்களும் வந்து மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, அந்தப் பொம்மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். பாலத்துப் படத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நகராமல் நின்றார். படத்தைப் பார்த்தார், பக்கத்துக் கண்ணாடிக் கதவில் தன் வாயைத் திறந்து பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது என் பல்லு," என்றார்.

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்காமல் எடுத்தது தப்புத்தான், இப்போதே கழற்றிவிடுகிறேன் என்று ஆணிக்குக் கை நீட்டினாள். அவர் அவள் கையைத் தடுத்தார். தன் பல் ஒரு பாலத்தையே தாங்கி நிற்பதை மனைவிக்குக் காட்ட வேண்டும், அவள் வந்து பார்க்கும் வரை யாரும் இதைத் தொடக் கூடாது என்றார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் படத்தையும் வாயையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் பல்லைத் தேட ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவர் வக்கீல், அவர் நீதிமன்றப் படிக்கட்டைத் தன்னுடையது என்று அடித்துச் சொன்னார். அது அவருடையதில்லை. பல்லக்காவுக்குத் தெரியும், சொல்லவில்லை.

அண்ணன் வரவில்லை. மூன்று மணிக்கு வரவில்லை, நான்கு மணிக்கும் வரவில்லை. யார் கைகுலுக்கினாலும் பல்லக்காவின் கண் வாசலில் இருந்தது. இத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் அவர் வாயை மட்டும் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள். முப்பத்தாறாவதைக் கழற்றவும் முடியாது. சட்டம் சட்டம்தான்.

ஐந்து மணிக்கு, கூட்டம் குறைந்த பிறகு, இஸ்திரி கலையாத சட்டையோடு அவர் வந்தார். நேரே கடைசிப் படத்துக்குப் போய் நின்றார். பல்லக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"ரெண்டு செஞ்சியா?" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா அண்ணா."

"ஒன்பது வருஷமா வெச்சிருக்கே."

"கதவைச் சாத்தினது நானாச்சே" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வருவது முதல் தடவை. சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பி ஒன்றை எடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார். பிறகு முப்பத்தாறு படங்களுக்கும் முன்னால், முதுகு நிமிர்ந்து, தன் ஸ்டூடியோவில் வந்து நிற்பவர்களைப் போலவே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"எடு" என்றார். "அந்தப் பொம்மைலதான்."

சிரித்தார். வாய் முழுக்கச் சிரித்தார். கோஷ்டியின் எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஈறு கொஞ்சம் மாறியிருந்தது. தட்டு இடது பக்கம் அரை மில்லி சாய்ந்து நின்றது. பல்லக்காவின் கண் அதைப் பிடித்துவிட்டது. சரிசெய்ய அவள் கை பாதி தூரம் எழுந்தது, அங்கேயே நின்றது, பிறகு கேமராவுக்குப் போனது. அமுக்கினாள்.

அந்த டப்பாவில் பிலிமைச் சுற்றாமல் ஒரே கட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம். சுற்றுகிற சக்கரத்தில் வைத்த கட்டைவிரலை எடுத்தாள் பல்லக்கா. கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்து, பல்லைக் காட்டி, இன்னொரு முறை அமுக்கினாள்.